முடியாது, பதிப்பு இரண்டு

"நடக்கலாமுங்க டீச்சர். பேசலாம். ரெண்டும் ஒட்டுக்கா முடியாதுங்க, அவ்வளவுதான்."

கோவையில் ஒரு மருத்துவமனையின் கருவிப் பிரிவில் பொறியாளராக இருந்த ரிஸ்வானா, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று சொல்கிற குரலில் இதைச் சொன்னாள். கட்டிலில் சாய்ந்திருந்த மோகனப்பிரியா தன் கணவனைப் பார்த்தாள். கணவன் நவநீதன் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்தான்.

மோகனப்பிரியா சத்தியமங்கலத்துக்குக் கிழக்கே நல்லிக்காட்டூர் அரசு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கபடி டீச்சர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். நாற்பது வயது ஆகுமுன்பே முதல் பக்கவாதம் வந்து பேச்சைக் கொண்டுபோயிற்று. எழுத்தும் கூடவே போனது, கையெழுத்து மட்டும் மிஞ்சியது. காதுக்குப் பின்னால் ஒரு சில்லு வைத்தார்கள். அவள் சொல்ல நினைப்பதை அது மூளையிலிருந்து எடுத்து நாக்குக்கும் தொண்டைக்கும் கொடுத்தது. அவள் பழைய குரலில், பழைய வேகத்தில், மைதானத்தின் இந்த மூலையில் நின்று அந்த மூலையில் இருப்பவளைத் திட்டினாள். ஊரே சந்தோஷப்பட்டது, திட்டு வாங்கிய பிள்ளைகளும் சேர்த்து. சில வருடம் கழித்து இரண்டாவது பக்கவாதம் இடது காலைப் பிடித்தது. அதற்குள் காலை நடத்தவும் கம்ப்யூட்டர் நிரல் வந்திருந்தது. அதையும் அதே சில்லில் ஏற்றினார்கள். ஏற்றிய பிறகுதான் இந்தச் சேதி.

"ஏனுங்க முடியாது?" என்றான் நவநீதன். அவன் சொட்டுநீர்க் குழாய்க் கடைக்காரன். "ஒரே மோட்டார்ல நாங்க ரெண்டு லைன் ஓட்டறதில்லீங்களா?"

"ரெண்டு லைன்லயும் ஓடறது அதே தண்ணிதானுங்களே. இது அப்படியில்லைங்க" என்றாள் ரிஸ்வானா. "தாரைன்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்குது. டீச்சரோட பேச்சு நிரல் எழுதினப்ப தாரை ரெண்டாம் பதிப்பு. கால் நிரல் புதுசு, மூணாம் பதிப்புல எழுதினது. பேரு ஒன்னுதான். ஆனா ரெண்டுல எழுதினது மூணுக்குப் புரியாது. மூணுல எழுதினதை ரெண்டு தொடாது."

நவநீதனுக்குப் புரியவில்லை என்பது தெரிந்ததும் ரிஸ்வானா மோகனாவின் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், கபடியில விதியை மாத்திப்போட்டாங்கன்னு வெச்சுக்கோங்க. பழைய விதியில ஆடறவங்க ரெண்டு டீம், புது விதியில ஆடறவங்க ரெண்டு டீம். கோர்ட் ஒன்னுதான். நாலு டீமையும் ஒட்டுக்கா எறக்குவீங்களா?"

"கை கால் ஒடிஞ்சு போகும்" என்றாள் மோகனா.

"அதேதானுங்க. அதனால ரெண்டு விதிப் புத்தகத்தையும் உள்ள வெச்சு, ஒரு நடுவரைப் போட்டிருக்கறோம். அவரும் ஒரு நிரல்தான். இப்ப எந்த விதி, அடுத்து எந்த விதின்னு அவரு பாத்துக்குவாரு. எதையும் அழிக்கறதில்லை. ரெண்டும் உள்ளயே இருக்கும், ஆடறது ஒன்னுதான்."

"பெரிய சில்லா வெக்க முடியாதுங்களா?" என்று கேட்டான் நவநீதன்.

"மண்டை சூடாயிருமுங்க."

"இன்னொரு சில்லு?"

"ஒரு தலைக்கு ஒன்னுதான். சட்டம்."

நடுவரை எப்படி வேலை வாங்குவது என்று ரிஸ்வானா சொல்லிக்கொடுத்தாள். பொதுவாக நடைதான் ஓடும். இன்ன இடத்துக்குள் வந்தால் பேச்சு என்று இடத்துக்கு இடம் தனியாக வைத்துக்கொள்ளலாம். அவசரத்துக்குக் காதுக்குப் பின்னால் இரண்டு தட்டு தட்டினால் மாறிவிடும். மாற ஒரு தும்மல் நேரம் ஆகும். பேச்சு வந்த நொடியில் இடது கால் துணியாகிவிடும்.

"அதனால முதல்ல எதையாவது புடிச்சுக்கோங்க. பொறவு பேசுங்க."

"இதை எல்லா வீட்டுலயும் எழுதி ஒட்டோணுமுங்க" என்றான் நவநீதன்.

வீட்டில் சமையலறைக்குப் பேச்சு, கூடத்துக்கு நடை என்று வைத்தார்கள். மறுநாள் காலையில் மோகனா பால் எங்கே என்று கேட்பதற்காகச் சமையலறை நிலைப்படியில் காலை வைத்தாள். "பா" என்றாள். கால் மடங்கியது. நிலையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். அங்கே கூடம். பேச்சு போய்க் கால் வந்தது. கால் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது. அங்கே சமையலறை. "லு எ" என்றாள். கால் மடங்கியது. படியின் மேல் நின்று அவள் முன்னும் பின்னும் ஆடுவதைப் பார்த்த நவநீதன், மூன்றாவது பக்கவாதம் என்று முடிவுசெய்து கார் சாவியைத் தேட ஓடினான். ரிஸ்வானா போனிலேயே சரிசெய்தாள். நிலைப்படி கூடத்தைச் சேர்ந்தது என்று நடுவருக்குச் சொல்ல விட்டுப்போயிருந்ததாம்.

சண்டைதான் கஷ்டமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து மோகனாவுக்குச் சண்டையில் ஒரு முறை உண்டு. நறுக்கென்று மூன்று வாக்கியம் சொல்லுவாள். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவாள். பதில் சொல்ல நவநீதனுக்கு ஆள் கிடைக்காது. இப்போது மூன்று வாக்கியம் சொன்னால் அங்கேயே உட்கார்ந்து அவன் பதிலைக் கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது. எழுந்து போனால் மூன்று வாக்கியமும் தொண்டையிலேயே நின்றது. இதைச் சீக்கிரமே கண்டுகொண்ட நவநீதன், அவள் ஆரம்பித்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான். அவள் சமையலறையில் உட்கார்ந்து திட்டுவது தூரத்து வானொலிபோல அவனுக்குக் கேட்கும்.

அந்தச் சுகம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒருநாள் வானொலி திடீரென்று நின்றது. பிறகு இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும் சத்தம். மோகனா ஒரு சொல் பேசாமல் வாசல்வரை வந்தாள். தூணை இறுகப் பிடித்தாள். மெதுவாகக் கையைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"அம்மிணி, தட்டாத, நானே சொல்லிப்போடறேன்!" என்று எழுந்துவிட்டான் நவநீதன். அவள் எதைக் கேட்க வந்தாளோ அதோடு கேட்க நினைக்காத இரண்டு விஷயத்தையும் சேர்த்துச் சொன்னான்.

பள்ளி மைதானத்தில் விசிலும் கையும் போதுமாக இருந்தன. கபடி டீமின் பிள்ளைகள் அவள் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கை காதுப் பக்கம் போனால் போதும், எல்லோரும் அப்படியே நிற்பார்கள். யாராவது ஒருத்தி ஓடிவந்து தோள் கொடுப்பாள். அதில் சாய்ந்துகொண்டு டீச்சர் சொல்வதைச் சொல்லுவாள். முன்பு அரைமணி திட்டியதை இப்போது ஒரு வரியில் முடித்தாள். அந்தப் பருவத்தில் டீம் மாவட்டப் போட்டியில் ஜெயித்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மோகனா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

போனது சாயங்கால நடை. கீழ்பவானி வாய்க்கால் கரையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடப்பது வழக்கம். இப்போது நடந்தால் நவநீதன் மட்டும் பேச வேண்டும். அவனுக்குப் பேச அத்தனை விஷயம் கிடையாது. பேசுவதற்காகக் கரையில் உட்கார்ந்தால், எதிரும் புதிருமாக முகம் பார்த்துக்கொண்டு காஸ் சிலிண்டரையும் மின்சாரக் கட்டணத்தையும் பற்றித்தான் பேச வந்தது. நடந்துகொண்டு பேசும்போது வந்த பேச்சு எதுவும் உட்கார்ந்தபோது வரவில்லை. கொஞ்ச நாளில் இருவருமே ஏதோ வேலை சொல்லிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போவதை விட்டுவிட்டார்கள்.

அப்படி இருக்கையில்தான் ரிஸ்வானா கூப்பிட்டாள். "டீச்சர், பேச்சு நிரலையும் மூணாம் பதிப்புல புதுசா எழுதிப்போட்டாங்க! இனி நடுவரே வேண்டாம். ரெண்டும் ஒட்டுக்கா ஓடும்!"

ஏற்றி முடித்ததும் மோகனா ஆறாவது மாடியிலிருந்து லிஃப்ட் வேண்டாம் என்று சொல்லிப் படியில் இறங்கினாள், ஒவ்வொரு படிக்கும் ஏதாவது பேசிக்கொண்டு. வாகனம் நிறுத்துமிடத்தில் காரைச் சுற்றிச் சுற்றி வந்து பேசினாள். அன்று சாயங்காலம் வாய்க்கால் கரையில் பக்கத்து ஊர்ப் பாலம்வரை போனார்கள். அவள் அம்மா வீட்டுச் சேதி, பள்ளியின் புது சயின்ஸ் டீச்சர், கால் இல்லாமல் கிடந்த நாட்களில் கூரையைப் பார்த்து நினைத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். நவநீதன் 'உம்' கொட்டினான். நடுவில் ஒருமுறை வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் மைதானத்தில், ஏறிப் பாடிப் போன பெண் கோட்டைத் தொடாமல் திரும்பிவிட்டாள். "கண்ணு பொடனியிலயா இருக்குது?" என்று மோகனா கத்தினாள். கத்தத்தான் நினைத்தாள். வாயில் வந்தது:

"இன்னும் கொஞ்சம் கவனமா ஆடலாமே கண்ணு."

ஆட்டம் நின்றது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கோட்டைத் தொடாத பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. "டீச்சருக்கு ஒடம்புக்கு என்னாச்சு?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

வீட்டிலும் அப்படியே. கடைக்கு வந்த குழாய்ச் சுருள்களை நவநீதன் மழையில் போட்டுவிட்டு வந்தான். அதற்கு அவள் சொல்ல நினைத்தது கொஞ்சம் காரமானது. வெளியே வந்தது, "பரவாயில்லைங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்." நவநீதன் நெகிழ்ந்துபோனான். நெகிழ்ந்துபோய் அடுத்த வாரமும் அதையே செய்தான்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வந்தது. தலைவர் சென்னியப்பன் பூ வியாபாரி. ஊர்த் திருவிழாவில் மைக் வேலை செய்யாவிட்டால் அவரைத்தான் மேடையில் ஏற்றுவார்கள், அப்படி ஒரு குரல். கண் ஆபரேஷன் என்று சென்னைக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஆள் பதமாகியிருந்தார். தேர்தலில் நிற்கப்போகிறார் என்று ஊரில் பேச்சு.

"ட்ரோன் கம்பெனிக்காரங்க வந்தாங்க" என்று அவர் மென்மையாக ஆரம்பித்தார். "நம்மூர் மல்லியை விடியறதுக்குள்ள ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோறதுக்கு ட்ரோன் எறங்கற எடம் வேணுமாம். பள்ளிக்கூட மைதானம் தோதா இருக்குதுங்கறாங்க. நல்ல விஷயந்தானுங்களே. டீச்சர் என்ன சொல்றீங்க?"

மோகனா எழுந்தாள். மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து, முடியாது என்று சொன்னாள்.

"நல்ல யோசனைங்க, பாக்கலாம்" என்றது அவள் வாய்.

அவளே அதிர்ந்துபோனாள். பிள்ளைகள் ஓடியாட இருக்கிற ஒரே இடம், ஓர் அடிகூடத் தரமாட்டேன் என்று அடுத்து சொன்னாள். "பிள்ளைங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க" என்று வந்தது. மேசையைக் கையால் ஓங்கி அடித்தாள். உற்சாகம் என்று நினைத்து மற்றவர்களும் தட்டினார்கள். கூட்டம் இனிதே முடிந்தது.

வீட்டுக்கு வந்து நவநீதனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் யோசிக்கலாமுங்க" என்றாள். நவநீதன் அவள் கண்ணை உற்றுப் பார்த்தான்.

"அம்மிணி, நீ இப்ப என்னையத் திட்டறியா?"

"அப்படியெல்லாம் இல்லைங்க" என்றாள், தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டிக்கொண்டு.

"மைதானம் குடுக்கறது உனக்கு இஷ்டமா?"

"நல்ல விஷயந்தானுங்க." தலை பக்கவாட்டில் ஆடியது.

அவனுக்கு விளங்கிவிட்டது. நேராகச் சென்னியப்பன் வீட்டுக்குப் போனான். டீச்சர் கூட்டத்தில் சொன்னது அவள் மனதில் இருப்பது இல்லை, மைதானத்தைக் கொடுக்க அவளுக்குச் சம்மதம் கிடையாது என்று சொன்னான். சென்னியப்பன் காப்பி கொடுத்து, "ரொம்ப சந்தோஷமுங்க, நல்லபடியா பாத்துக்கலாம்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். நவநீதன் சிரித்த முகமாகத் திரும்பி வந்தான். "என்ன மனுசனுங்கறே! ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. முடிஞ்சுது போ."

நாலைந்து நாள் கழித்து மைதானத்தை அளக்கப்போவதாகப் பள்ளிக்குச் செய்தி வந்தது.

"மூணாம் பதிப்புல மென்மைன்னு ஒரு அடுக்கு சேத்திருக்காங்க" என்றாள் ரிஸ்வானா, கோவைக்கு ஓடிவந்த இருவரிடமும். அவள் முகம் வாடியிருந்தது. "எங்கியோ ஒருத்தரு மேனேஜரைத் திட்டிப்போட்டு, நான் திட்டல, சில்லுதான் திட்டுச்சுன்னு கேஸ் போட்டாருங்க. நிரல் எழுதின கம்பெனி தோத்துப்போச்சு. அதுக்கப்பறம் சில்லு யாரையும் திட்டறதில்லை."

"முடியாதுங்கறது திட்டா?" என்றான் நவநீதன்.

"கேக்கறவங்க மனசு புண்படுமான்னு அது பாக்குதுங்க. முடியாதுன்னா அநேகமா எல்லாருக்கும் புண்படத்தானுங்களே செய்யுது?"

"அந்த அடுக்கை எடுத்துப்போடுங்க."

"எனக்கு அதிகாரமில்லைங்க. எடுத்தா என்ற வேலை போயிரும்." ரிஸ்வானா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ரெண்டை நான் அழிக்கலைங்க டீச்சர். பழைய பேச்சும் உள்ளதான் இருக்குது, நடுவரும் இருக்கறாரு. வேணும்னா திரும்பிப் போயிக்கலாம். நடந்தா பேச முடியாது, பேசினா நடக்க முடியாது. முன்ன மாதிரியே."

மோகனா தன் இடது காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செருப்பை உதறினாள், மறுபடி மாட்டினாள். வாய்க்கால் கரையில் பாலம்வரை போன சாயங்காலங்கள் கைவிரலில் எண்ணுகிற அளவுதான் ஆகியிருந்தன. அவள் எதை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நவநீதனுக்குத் தெரிந்தது. அவனும் அதையேதான் நினைத்தான்.

"பாலம் வரைக்கும் பேசாம நடப்போம்" என்றான் கடைசியில். "அங்க போயி ஒக்காந்து, நடந்தப்ப நெனச்சதையெல்லாம் நீ சொல்லு. நான் எங்கயும் போயிர மாட்டேன். நாற்காலியையும் தூக்க மாட்டேன்." சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது.

ஆம்பளையாய் இருந்துகொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அழுகிறாயே, மானத்தை வாங்காதே என்று மோகனா சொல்ல நினைத்தாள்.

"நீங்க ரொம்ப நல்லவருங்க" என்று வந்தது. அதை மட்டும் அவள் அப்படியே விட்டுவிட்டாள்.

அளக்க வந்த நாளில் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் மைதானத்தில் மஞ்சள் முளைக்குச்சிகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். மோகனா பேசாமல் நடந்து வந்தாள். டீம் அவள் பின்னால் பேசாமல் நடந்து வந்தது. கபடிக் கோர்ட்டின் நடுக்கோட்டுக்குப் போய் மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கை காதுக்குப் போனது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"முடியாது!"

மைதானத்தின் அந்த மூலையில் குச்சி அடித்துக்கொண்டிருந்தவன் சுத்தியலைக் கீழே போட்டான். கோட்டைத் தொடாத பெண் சந்தோஷத்தில் கைதட்டினாள். மோகனா நிறுத்தவில்லை. மூன்றாம் பதிப்பில் இருந்த நாட்களில் சேர்ந்துபோனது எல்லாம் வந்தது. ட்ரோனுக்கு, கம்பெனிக்கு, குழுவுக்கு, மழையில் நனைந்த குழாய்ச் சுருளுக்கு என்று யாருக்கும் குறைவைக்கவில்லை.

"மேடம், மீட்டிங்ல நீங்களே நல்ல யோசனைன்னு சொன்னீங்களாமே?" என்றான் அளக்க வந்தவன்.

"அது மூணு சொன்னது. இது ரெண்டு. நான் சொல்றதைக் கேளு."

அவன் ஏதும் விளங்காமல் சென்னியப்பனைக் கூப்பிட்டான். வெள்ளை வேட்டியும் காதை மறைத்துக் கட்டிய தலைத்துண்டுமாக அவர் வந்தார். நடுக்கோட்டில் உட்கார்ந்திருந்த மோகனாவை உற்றுப் பார்த்தார்.

"டீச்சர், நெசமாவே உங்களுக்கு இதுல சந்தோஷமுங்களா?" என்றார்.

"இல்லைங்க. முடியாதுங்க. செத்தாலும் முடியாதுங்க."

சென்னியப்பனின் முகம் சட்டென்று மலர்ந்தது. "வேலை நல்லபடியா நடக்கட்டும் தம்பிகளா" என்று கம்பெனி ஆட்களிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே குனிந்து பக்கத்தில் இருந்த முளைக்குச்சியைப் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தார். "அருமையான திட்டமுங்க" என்று அடுத்ததைப் பிடுங்கினார். "எனக்கு முழுச் சம்மதமுங்க." மூன்றாவது குச்சி ஆழமாக இறங்கியிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலால் உதைத்து ஆட்டிப் பிடுங்கினார். அந்த உதையில் துண்டு தலையிலிருந்து நழுவி விழுந்தது. காதுக்குப் பின்னால் புதுத் தழும்பு தெரிந்தது.

"ஏனுங்க, எப்ப வெச்சாங்க உங்களுக்கு?" என்றாள் மோகனா.

"எனக்கு அதெல்லாம் ஒன்னுமில்லைங்க, நல்லாயிருக்கறேன்" என்றார் சென்னியப்பன். தலை மேலும் கீழும் ஆடியது. கண்ணில் நீர் நின்றது.

மிச்சத்தை அவர் மனைவி நவநீதனிடம் சொன்னாள். சென்னையில் நடந்தது கண் ஆபரேஷன் இல்லை. பூ மண்டியில் நின்றிருந்தவருக்கு வாய் கோணிப் பேச்சும் எழுத்தும் போயின. வெளியே தெரிந்தால் மண்டியில் மதிப்பு போய்விடும் என்று மறைத்துவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் வந்தபோது அவர் முடியாது என்றுதான் சொன்னார். பாக்கலாம் என்று வந்தது. தலையை ஆட்டி மறுத்தார். வெளியூர்க்காரர்கள் அந்தத் தலையாட்டலையும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். குழுவில் எப்படியும் டீச்சர் விடமாட்டாள் என்று நம்பியிருந்தார். டீச்சரே எழுந்து நல்ல யோசனை என்றதும், ஊரே ஆசைப்படுகிறது, தான் ஒருத்தன்தான் குறுக்கே நிற்கிறோம் என்று நினைத்துவிட்டார். நவநீதன் சேதி சொல்லப் போனபோது அவர் சந்தோஷம் என்றாரே, அது மட்டும் நிஜமான சந்தோஷமாம். உடனே கம்பெனிக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லியிருக்கிறார். போனில் என்ன வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"அவருக்கும் ரெண்டை வெச்சுக் குடுங்க" என்று நவநீதன் ரிஸ்வானாவைக் கேட்டான்.

"அவருக்கு முதல்ல வெச்சதே மூணுதானுங்க. உள்ள வேற ஒன்னும் இல்லை. ரெண்டைக் குடுக்கறதை நிரல் கம்பெனிக்காரங்க நிறுத்திப்போட்டாங்க. ஏற்கனவே வெச்சிருக்கறவங்க வெச்சுக்கலாம், அவ்வளவுதான்."

குச்சியைப் பிடுங்கியதால் ட்ரோன் கம்பெனி நின்றுவிடவில்லை. தலைவர் நேரில் வந்து சொன்னால்தான் செல்லும் என்றார்கள். எனவே சென்னியப்பனும் மோகனாவும் கோவைக்குப் போனார்கள். கம்பெனியின் குளிரூட்டிய அறையில் ப்ரணவ் என்ற இளைஞன் அவர்களுக்கு இளநீர் கொடுத்தான்.

"சார், போன்ல ரொம்ப சப்போர்ட்டிவா பேசினீங்க. இப்ப என்ன பிரச்சினை?"

"பிரச்சினையே இல்லைங்க தம்பி" என்றார் சென்னியப்பன். நாற்காலியின் கைப்பிடியை அவர் பிடித்த பிடியில் விரல் வெளுத்தது. "உங்க உழைப்பைப் பாத்தா பெருமையா இருக்குதுங்க."

மோகனா காதைத் தட்டினாள். "முடியாதுங்கறாரு."

ப்ரணவ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "மேடம், அவர் அப்படிச் சொல்லலையே."

"அவரு வாயில அது வராதுங்க தம்பி. என்ற வாயில சொல்றாரு."

"எதை நான் எழுதிக்கறது? ரெண்டு பேரும் வேற வேற சொல்றீங்க."

சென்னியப்பன் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, மோகனாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அதன் முதுகில் இரண்டு கையையும் வைத்தார். "இவங்க சொல்றதுதான் நான் சொல்றதுங்க" என்றார். அதில் யார் மனமும் புண்பட ஏதுமில்லை என்று சில்லு நினைத்திருக்க வேண்டும், அப்படியே வந்தது. அவரே ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு அதையே இன்னும் இரண்டு முறை சொன்னார், ருசித்து ருசித்து.

ப்ரணவ் பெருமூச்சு விட்டான். வேறு ஊரில் இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கைகுலுக்கினான்.

வெளியே வெயில். பஸ் நிறுத்தத்தை நோக்கி இருவரும் நடந்தார்கள். மோகனா நடையில் இருந்தாள், பேச்சில்லை. சென்னியப்பன் பக்கத்தில் துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ரொம்ப நன்றிங்க டீச்சர்" என்றார். "உங்களை மாதிரி ஒருத்தரை நான் பாத்ததேயில்லைங்க."

மோகனா அவர் முகத்தைப் பார்த்தாள். மண்டியில் நூறு பேரை அதட்டிய ஆள், ஒரு பொம்பளையைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் வாயால் பேசிவிட்டு வருகிறார். அவர் சொன்னது அதேதானா, வேறு ஏதாவது சொல்லி அது இப்படி வந்ததா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது, அது வெயிலாகவும் இருக்கலாம்.

கேட்டுவிடலாம். கேட்க வேண்டுமானால் நிற்க வேண்டும், எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். நாலு அடி தள்ளி ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. கை காதுவரை போனது. ஆனால் சத்தியமங்கலம் போகும் பஸ் நிறுத்தத்திலிருந்து நகர ஆரம்பித்திருந்தது. மோகனா கையைக் காதிலிருந்து இறக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள். சென்னியப்பன் அவளுக்கு முன்னால் ஓடிப்போய்ப் படியில் ஒரு காலை வைத்து, டிரைவரிடம் மிக மரியாதையாக, அவசரமே இல்லைங்க, மெதுவாப் போலாமுங்க என்று கத்திக்கொண்டிருந்தார்.